பிரேக் போன ராட்டினம்

மிங்கலா தாங்ஞுன்ட், யாங்கோன்
தபவுங் மாதப் பௌர்ணமி கழிந்து பத்தாம் நாள்

அன்பு மகள் மஞ்சுளாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

ஜப்பானில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு, உடம்பும் மனசும் சரியாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கு மூட்டுவலியைத் தவிர வேறு குறை இல்லை, எனக்குத்தான் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, இந்த இரண்டு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் ஜன்னலில் நின்றுவிட்டு வந்துவிட்டேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை கண்ணு. எதிர்வீட்டு கமருன்னிசா அக்கா மகள் ஸமீரா லீவு முடிந்து வியாழக்கிழமை உன் ஊருக்குத் திரும்புகிறாள், அவள் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்து அனுப்புகிறேன். வழியில் யாராவது பிரித்துப் பார்த்தாலும் தமிழைப் படிக்க அங்கே ஆள் கிடையாது. கோயில் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று நீ அழுதபோதெல்லாம் முதுகில் ஒன்று வைத்து அனுப்பினேனே, அது இதற்காவது உதவட்டும். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி. நடுவில் பயந்துவிடாதே, எல்லோரும் பத்திரம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அலோன் ஆற்றங்கரை மைதானத்தில் இந்த வருஷம் மறுபடியும் ப்வே போட்டார்கள். அந்தப் பகோடாத் திருவிழா நின்றுபோய் ஆறு வருஷமாகிறது. போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நம் கட்டடமே இரண்டு கட்சியாகிவிட்டது. கமருன்னிசா அக்கா ஒரு பக்கம், அவர் கல்யாணமான புதிதில் ப்வேயில்தான் முதல் முதலாக மாப்பிள்ளையோடு தனியாக நடந்தாராம், கூட்டத்தில் தள்ளிவிட்டதால்தான் கையையே பிடித்தார்களாம், அதைச் சொல்லும்போது இந்த வயதிலும் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார். கீழ்வீட்டு விநாயகமூர்த்தி அண்ணன் இன்னொரு பக்கம், அவருக்குத் தூசி ஆகாது, ஜெனரேட்டர் புகை ஆகாது, மைக் செட்டுச் சத்தம் ஆகாது, "ஆறு மணிக்கே மூடிருவானுங்களாம்மா, விடிய விடிய நாடகம் இல்லாட்டி அது என்ன ப்வே, சந்தைக்குப் போயிட்டு வந்தாப் போதாதா" என்று படியில் போகிற வருகிறவர்களை நிறுத்திவைத்துக் கேட்பார். உன் அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. வருஷா வருஷம் திட்டிக்கொண்டேதான் நம்மைக் கூட்டிப் போவார். பஜ்ஜி எண்ணெய் பழசு, வளையம் வீசுகிற கடையில் வளையம் சின்னது, ராட்டினத்தில் ஐந்து சுற்று என்று சொல்லி நாலோடு இறக்கிவிடுகிறான். நீ ஏழு வயதில் ஒரு பீங்கான் வாத்து வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதாய், அது ஏமாற்று வியாபாரம் என்று கால் மணி நேரம் கடைக்காரனோடு சண்டை போட்டுவிட்டு, அப்புறம் அவரே நின்று வளையம் வளையமாக வீசி அதை ஜெயித்து வாங்கினார். வீடு வந்து சேரும் வரை வாத்தை அவர்தான் தூக்கிவந்தார், உன்னை நான் தூக்கினேன்.

இந்தத் தடவை திட்டவும் இல்லை, வரமாட்டேன் என்று ஒரே சொல். காரணம் உன் தம்பி உதயன். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஆன பிறகு, வார்டில் பெயர் குலுக்கிப் போட்டதிலிருந்து அவன் கிடங்கு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தான் என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். எப்படி இருந்தான் என்று நான் உன்னிடம் சொன்னதில்லை. குலுக்கலில் அவன் பெயர் வரவில்லைதான், ஆனால் தெருவில் போகிற பிள்ளைகளையே ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று தினம் ஒரு பேச்சு வந்தது, எது நிஜம் எது புரளி என்று யாருக்குத் தெரியும். ஒன்பது மாதம் அவன் படியிறங்கவில்லை மஞ்சு. இருபத்து மூன்று வயதுப் பிள்ளை, முகம் வெளுத்து, நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண். கரண்ட் போனால் போனும் இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். உன் அத்தை ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று நான் சொல்லாத நாளில்லை. "ஒருத்திய ஜப்பானுக்கு அனுப்பியாச்சு, இவனையும் அனுப்பிட்டு நான் யார் முகத்தப் பாக்கறது" என்பார் அப்பா, அதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படியிருக்கும்போது சனிக்கிழமை உதயன் திடீரென்று, "அம்மா, நான் ப்வேக்குப் போகணும், ஒரு மணி நேரம் மனுசங்க நடுவுல நடந்துட்டு வந்துடறேன்" என்றான். அப்பா முடியாது என்றார். நான் போகட்டும் என்றேன். முப்பது வருஷத்தில் பிள்ளைகள் எதிரே அவர் பேச்சை நான் மறுத்தது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார், "போறதுன்னா எல்லாரும் போவோம், தனியா விட முடியாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் மூன்று பேரும் கமருன்னிசா அக்காவும் போனோம். என்ன வெயில் என்கிறாய். விநாயகமூர்த்தி அண்ணன் சொன்ன தூசி, புகை, மைக் எல்லாம் சொன்னபடியே இருந்தது, பஜ்ஜியும் முன்பு மாதிரி இல்லை, ஆனால் உதயனைப் பார்க்க வேண்டுமே. அத்தோ நூடுல்ஸ் ஒரு தட்டு சாப்பிட்டு இன்னொரு தட்டு கேட்டான். கன்னத்தில் தனகா மர விழுது பூசியிருந்த ஒரு பெண் பலூன் சுடச் சொல்லித் துப்பாக்கியை நீட்டினாள், அவன் சுட்டது ஒன்றும் படவில்லை, அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். அவன் பல்லைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பாகூடக் கொஞ்சம் இளகி, பஜ்ஜிக் கடைக்காரனிடம் எண்ணெயைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் உதயன் ராட்டினம் ஏறினான். முன்பெல்லாம் பையன்கள் கம்பியைப் பிடித்து மேலே ஏறித் தங்கள் பாரத்தால் சுற்றிவிடுவார்களே, அது இல்லை இப்போது, டீசல் இன்ஜின் வைத்துச் சுற்றுகிறார்கள். ராட்டினக்காரர் பெயர் கோ மின் தூ என்று பிறகு தெரிந்துகொண்டேன், நாற்பது வயது இருக்கும், வெற்றிலை மென்றுகொண்டு யாரோடும் பேசாத ஆள்.

மூன்றாவது சுற்றோ நாலாவது சுற்றோ, கூட்டத்தில் ஒரு சலசலப்பு வந்தது. யாரும் கத்தவில்லை. ஆற்றுப் பக்க வாசலில் அடையாளக் கார்டு பார்க்கிறார்கள், பிள்ளைகளைத் தனியாக நிறுத்துகிறார்கள் என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டே போனார்கள். கண்ணெதிரே வாலிபப் பிள்ளைகள் எல்லாம் காணாமல் போனார்கள், எந்தக் கடைக்குப் பின்னால் எந்தத் துணிக்குக் கீழே போனார்களோ. நான் மேலே பார்த்தேன், உதயன் உச்சியில் இருக்கிறான், அவனுக்கு ஒன்றும் தெரியாது, எனக்குக் கை ஆட்டுகிறான். கோ மின் தூ ராட்டினத்தை ஒரு தடவை நிறுத்தினார். குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணை இறக்கிவிட்டார், அந்த இடத்தில் எங்கிருந்தோ ஓடிவந்த இரண்டு பையன்கள் தாவி ஏறினார்கள், அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, மறுபடி இன்ஜினை முடுக்கிவிட்டார். ஏழு பிள்ளைகள் மேலே. யூனிபாரத்தில் நாலு பேரும் சாதாரணச் சட்டையில் இரண்டு பேரும் வந்து, நிறுத்து, எல்லாரையும் இறக்கு என்றார்கள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, பிரேக் போய்விட்டது ஐயா, நிறுத்த முடியாது என்றார். பொய் சொல்கிறாயா என்று அந்த ஆறு பேரில் அதிகாரியாகத் தெரிந்த பெரியவர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். கமருன்னிசா அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார், இன்னும் அந்த இடம் கன்றிப்போய் இருக்கிறது.

அப்போது உன் அப்பா பக்கத்தில் இல்லை. பார்த்தால் அந்த முட்டியை இழுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருக்கிறார். சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய ரயில்வே அட்டையை எடுத்து நீட்டினார். முப்பத்திரண்டு வருஷம் பட்டறையில் ரயில் பெட்டிக்குப் பிரேக் பார்த்தவன் நான், பார்த்துச் சொல்லட்டுமா என்று நல்ல பர்மிய மொழியில், வணக்கமாகக் கேட்டார். பெரியவர் சட்டையை விட்டார். அப்பா குனிந்து, அப்புறம் மண்ணிலேயே மண்டியிட்டு, இன்ஜினுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார் தெரியுமா, நான் முருகனை எத்தனை தடவை கூப்பிட்டேனோ அவ்வளவு நேரம். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, பிரேக் கட்டை முழுக்கத் தேய்ந்துவிட்டது ஐயா, இப்போது இன்ஜினை நிறுத்தினால் பாரம் உள்ள பக்கம் இழுத்துத் தலைகீழாகப் பாயும், பெட்டி கழன்று இந்தக் கூட்டத்தின் மேல்தான் விழும், டீசல் தீர்ந்து தானாக நிற்பதுதான் நல்லது என்றார். பால்காரனிடம் கால் லிட்டர் கூட வந்துவிட்டதென்று திருப்பிக் கொடுக்கிற மனுஷன். முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை. அந்தப் பெரியவர் மேலே சுற்றுகிற பெட்டிகளைப் பார்த்தார், பிறகு தானும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

அவர்கள் போகவில்லை, கரும்புச் சாறு வாங்கிக் குடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். ராட்டினம் சுற்றியது. நாங்கள் கீழே இருந்த பெரியவர்கள், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும், யாரும் சொல்லாமலேயே கயிற்றைச் சுற்றி நெருக்கமாக வந்து நின்றுவிட்டோம். எனக்குப் பக்கத்தில் நின்ற பர்மியப் பெண் மூன்றாவது பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் ஏழாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது, ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. உதயன் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டான், ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் கண்ணை மூடிக்கொண்டே வந்தான். முக்கால் மணி நேரம் மஞ்சு. அப்புறம் பெரியவருக்கு ஒரு போன் வந்தது, வேறு வாசலுக்கு வரச் சொல்லியிருக்க வேண்டும், ஆறு பேரும் போனார்கள். அவர்கள் முதுகு மறைந்த பிறகும் கோ மின் தூ பத்து சுற்று விட்டார். பிறகு பிரேக்கைப் பிடித்தார், ராட்டினம் பூப்போல நின்றது.

உதயன் இறங்கி இரண்டடி வைத்தவன் அப்படியே விழுந்தான், கடைக்குப் பின்னால் கொண்டுபோய் உட்காரவைத்ததும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. அப்பா அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, லுங்கி நுனியால் வாயைத் துடைத்துவிட்டு, "அஞ்சு சுத்துக்கு ஏறினவன ஐநூறு சுத்து சுத்திட்டான்டா" என்றார். எல்லோருக்கும் சிரிப்பு வந்தது, கமருன்னிசா அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். அப்பா சிரிக்கவில்லை. அவன் தலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் கோழிக்குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு தனியாக மைதானத்துக்குப் போனேன். கோ மின் தூ டப்பாவை வாங்கிக்கொண்டார். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று ஆரம்பித்தேன். எதற்கு ஆன்ட்டி, பிரேக் போய்விட்டது, அவ்வளவுதான் என்றார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டப்பாவைக் காலி செய்து கழுவித் தந்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை அதிகாலை அப்பாவே உதயனை அத்தை ஊருக்குக் கூட்டிப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை, அவராகத்தான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பையை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தார். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன், படகில் போகும்போது நீ வாந்தியெடுத்தாயே, அந்தக் கல்யாணத்துக்குப் போன ஊர். நேராகப் போகவில்லை, மூன்று நாள் சுற்றிப் போனார்கள், அப்பா நேற்றுத்தான் திரும்பினார், அத்தை வீட்டு ரப்பர் தோட்டத்தில் அவன் நன்றாக இருக்கிறான், பச்சைமிளகாய் கடித்துக்கொண்டு பழைய சோறு சாப்பிடுகிறானாம், நகம் வளர்ந்திருக்கிறதா என்று கேட்டேன், அதையெல்லாம் பார்க்கவில்லை என்றார். அவனை அங்கே போகச் சொன்னவளே நான்தான். இப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டால் பயமாக இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த மைதானத்துக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் அவன் இன்னும் இந்த அறையில்தான் இருந்திருப்பான் என்று ஒரு நேரம் நினைக்கிறேன், அனுப்பியதால்தானே வெளியே வந்தான் என்று இன்னொரு நேரம் நினைக்கிறேன், இப்படியே அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

நீ கவலைப்படாதே என்று சொன்னால் கேட்கப் போவதில்லை, அதனால் வேலையைச் சொல்கிறேன். ப்வே படம் எதையும், பழையதாக இருந்தாலும், பேஸ்புக்கில் போடாதே. தம்பி எங்கே என்று யார் கேட்டாலும், நம் சொந்தக்காரர்களே கேட்டாலும், தெரியாது என்று சொல். நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே. அந்த ஆஸ்பத்திரிப் பாட்டிகள் உன்னைத் திட்டினால் பொறுத்துக்கொள், அவர்களுக்கும் பிள்ளைகள் எங்கேயோ இருப்பார்கள். ஸமீராவிடம் ஊறுகாயும் காய்ந்த இறாலும் கொடுத்திருக்கிறேன். உனக்கு எல்லா நலமும் கிடைக்க வேண்டும், நீ நிற்கிற இடமெல்லாம் உனக்குத் துணையிருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் தினமும் விளக்கு முன்னால் நின்று கேட்கிறோம்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. போனில் அவன் பெயரைச் சொல்லாதே. அங்கே மழையா அம்மா என்று மட்டும் கேள். மழை என்று நான் சொன்னால் அவனிடமிருந்து தகவல் வந்தது, நன்றாக இருக்கிறான் என்று எடுத்துக்கொள். இன்னும் இல்லை என்று சொன்னால் மேலே ஒன்றும் கேட்காதே, மறுநாள் மறுபடி கூப்பிடு. கொளுத்துகிற சித்திரை வெயிலில் இங்கே நல்ல மழை என்று நான் சொன்னால் நீ சிரித்துவிடக் கூடாது. அப்படித் தினமும் சொல்ல வேண்டும் என்று நீயும் வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
க. பவுனம்மாள்