சுடுதண்ணிக்குப் போன அணி

10 மார்ச் 1996, ஞாயிறு

மெரூன் ஜேர்சிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டேன். இவர் தன்னுடையதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உந்த மெஷின் சுருக்கிப் போட்டுது" என்றார். கையால் துவைத்ததை எந்த மெஷின் சுருக்கியது என்று கேட்டேன். கண்ணாடி முன் நின்று மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீசன் வருகிறது. இனி ஓகஸ்ட் முடியும்வரை இந்த வீட்டில் மனிதர் இல்லை, வில்லூன்றிக் கல்லூரி பழைய மாணவர் உதைபந்தாட்ட அணியின் கப்டனும் கோல் காப்பாளருமான யேசுராசாதான் இருப்பார். அதே வில்லூன்றிக்கு எதிர்ப்பக்கம், ஒரே றோட்டுக்கு அங்கால், சென் அம்புறோஸ் கல்லூரி. அதன் பழைய மாணவர் அணிக்குக் கப்டன் என் சொந்த அண்ணன் செல்வரத்தினம். யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பகை, கடல் கடந்து இந்தப் பாபடோயிட்டோய்க்கு வந்து குடியேறி, தெற்கு ஞாயிறு லீக்கில் வருடா வருடம் மோதுகிறது. மோதுகிற ஞாயிறு பூசைக்கு ஆண்கள் வருவதில்லை.

நான் ஒருவருக்குப் பெண்சாதி, மற்றவருக்குத் தங்கச்சி. இடைவேளைக்குச் சாறு உறிஞ்சத் தோடம்பழம் வெட்டுவது இரண்டு பக்கத்துக்கும் நான்தான்.

16 மார்ச், சனி

முதல் பயிற்சி. இரண்டு பேருக்குத் தசைப்பிடிப்பு. பந்தை இன்னும் வெளியே எடுக்கவில்லையாம்.

24 மார்ச், ஞாயிறு

அண்ணா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. நண்டுக் குழம்பு. மச்சாள் அன்னபாக்கியத்தின் கைப்பக்குவத்துக்கு யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பாதி நண்டுதான் சாப்பிட்டோம்.

அண்ணா கையைக்கூடக் கழுவாமல் சொன்னார்: "மச்சான், நாங்கள் இந்த முறை தெற்கு லீக்கிலை இல்லை."

இவர் நண்டுக் காலை வாயிலிருந்து எடுத்தார். "என்ன?"

"கிழக்கு லீக்குக்கு மாறுறம். பக்குரங்காப் பக்கம். நல்ல புல்லு. உடுப்பு மாத்த அறை இருக்கு. விளையாடி முடியக் குளிக்கச் சுடுதண்ணி."

"சுடுதண்ணிக்கோ?" என்றார் இவர். "நாப்பது வருசப் போட்டியைச் சுடுதண்ணிக்கோ விக்கிறியள்?"

"விசர்க்கதை கதையாதை. பெடியள் அரைவாசிப் பேர் அங்காலை வீடு வாங்கியிட்டாங்கள். நாங்களும் ஒண்டு பாத்திட்டம். மே மாசம் மாறுவம்."

இவர் எழும்பிக் கை கழுவப் போனார். திரும்பி வந்து இருக்கவில்லை. காரில் போய் இருந்தார்.

எல்லாருக்கும் லீக் மாறுவது கேட்டது. எனக்கு வீடு மாறுவதுதான் கேட்டது. நாலு தெரு தள்ளி இருக்கிற அண்ணன். உப்பு முடிந்தால் போய் எடுக்கலாம் என்ற தூரம். எனக்கு முதலில் ஏன் சொல்லவில்லை? தங்கச்சிக்குச் சொல்லாமல், நண்டுக்கு நடுவில், ஃபுட்போல் செய்தியோடு செய்தியாக—

மச்சாள் குசினியில் என் கையைப் பிடித்து, "நான் சொல்லச் சொன்னனான், பேர்ணடெட். அவருக்குத் துணிவில்லை" என்றா.

26 மார்ச், செவ்வாய்

வீட்டில் புதுப் பெயர் ஒன்று: "சுடுதண்ணிக்காரர்." அண்ணாவின் பெயர் யாருடைய வாயிலும் இல்லை.

ஜனுஷா பதினாலு வயதுக்குரிய பொறுமையோடு கேட்டாள்: "Dad, it's just a different league. Who cares?"

இவர் அவளுக்குத் தமிழில் சொன்னார், மெதுவாக. அவள் விளங்கிக்கொண்டாளோ தெரியாது. எனக்கு விளங்கியது. "பிள்ளை, ஊரிலை இந்த வருசம் இந்த மாட்ச் இல்லை. அம்புறோஸ் கிறவுண்டிலை ஆமி நிக்குது. வில்லூன்றிக்குக் கூரையே இல்லையாம். சனம் எல்லாம் இடம்பெயந்து போட்டுது. உலகத்திலை இந்த மாட்ச் நடக்கக்கூடிய ஒரே இடம் இந்த ஊர்தான். அதையும் விட்டிட்டுப் போறாங்கள்."

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு நாளும் பகிடி பண்ணிக்கொண்டிருந்தேனே.

(ஆனாலும் அந்த ஜேர்சியின் வயிற்றுப் பக்கத்தை விரித்துத் தைத்துத் தரச் சொல்லிக் கேட்டதற்கு இன்றும் சிரித்தேன். அது வேறு விஷயம்.)

7 ஏப்ரல், ஈஸ்டர்

கோவிலில் வில்லூன்றி இடப்பக்கம், அம்புறோஸ் வலப்பக்கம். கலியாண வீடு என்று நினைத்துப் பாதர் ஒரு கணம் திகைத்திருப்பார். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரம் இவர் பின்வரிசையில் இருந்த சமோவாக் குடும்பம் முழுவதற்கும், கைக்குழந்தை உட்பட, கைகொடுத்தார். அண்ணா இருந்த பக்கம் திரும்பவில்லை. அண்ணாவும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

5 மே, ஞாயிறு

வில்லூன்றி முதல் மாட்சில் வென்றது. வென்றவர்கள் வீட்டுக்கு வந்து றோல்ஸ் சாப்பிட்டார்கள். செத்த வீட்டுச் சாப்பாடு போல இருந்தது. கடைசியில் ஒருவர் கேட்டார்: "அவங்கள் என்ன மாதிரியாம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியும், மச்சாள் மாட்ச் முடிந்த கையோடு போன் எடுத்துச் சொல்லிவிட்டா. அம்புறோஸ் ஆறு கோல் வாங்கியது. எதிர் அணியில் எல்லாரும் இருபது வயது வெள்ளைக்காரப் பெடியளாம். "ஆறு கோல் வாங்கித் தோத்திட்டினம்" என்றேன். கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். "ஆறோ?" என்றார் இவர். "பின்வரிசையை ஆர் பாத்தது? அந்தக் குணம் எண்டவனை இறக்கியிருப்பார். அவனுக்கு முழங்கால் இல்லையெண்டு தெரிஞ்சுகொண்டும்."

19 மே, ஞாயிறு

அண்ணா வீடு மாறிவிட்டார். பெட்டி தூக்க இவர் போகவில்லை. நான் போனேன். புது வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஆறு தெரிகிறது. நல்ல வீடு. வரும்போது பஸ்ஸில் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த மனுசி மின்ட் தந்தா.

16 ஜூன், ஞாயிறு

நான் இப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்.

அண்ணா: "தங்கச்சி, அவன்ரை தோள் நோ எப்பிடி? நான் கேட்டதெண்டு சொல்லாதை."

இவர்: "உன்ரை அண்ணன் போன் எடுத்தவரோ? எனக்குத் தேவையில்லை, சும்மா கேட்டனான்."

இருவரும் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் ஒரே அறையில், ஒரே ஹீட்டருக்கு முன்னால் படுத்தவர்கள். அண்ணாதான் இவரை எனக்குப் பேசி முடித்தவர். "வில்லூன்றிக்காரன் எண்ட ஒரு குறைதான் இருக்கு, மற்றும்படி தங்கம்" என்று அம்மாவுக்குச் சொன்னாராம்.

7 ஜூலை, ஞாயிறு

மழை. வில்லூன்றிக்கு எட்டுப் பேர்தான் வந்தார்கள். மாட்ச் இல்லாமலே தோல்வி. அம்புறோஸ் இல்லாத லீக்குக்கு மழையில் நனைய யாருக்கும் மனமில்லை. உண்மை அதுதான். எட்டில் ஒருவர் ஜெய் பிரகாஷ். பீஜிக்காரர், பாபகூரா ராணுவ முகாமில் சமையல். யாழ்ப்பாணத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் வில்லூன்றிக் கல்லூரிக் கீதத்தை மற்ற எவரையும்விட உரத்துப் பாடுவார். அவருடைய தாத்தா தமிழ் என்பதால் இவர் அவரைப் "பழைய மாணவர்" ஆக்கிவிட்டார்.

தேத்தண்ணி குடிக்கும்போது ஜெய் பிரகாஷ் சொன்னார், இங்கிலிஸில்: "பிரதர், லீக் எதற்கு? எங்கள் ஊரில் இரண்டு கிராமம் சண்டை பிடிக்க லீக்கா கேட்கும்? முகாமில் மைதானம் சும்மா கிடக்கிறது. நான் கேட்டுப் பார்க்கிறேன்."

"அவங்கள் வரமாட்டாங்கள்" என்றார் இவர். "நாங்கள் கேக்கவும் மாட்டம்."

14 ஜூலை, ஞாயிறு

நான் பொய் சொன்னேன். இரண்டு பொய்.

ஜெய் பிரகாஷுக்கு முகாம் மைதானம் கிடைத்துவிட்டது. மச்சாளோடு கதைத்து முடிவெடுத்து, ஒரே மணித்தியாலத்தில் செய்தோம். நான் அண்ணாவுக்குப் போன் எடுத்து, "இவர் மாட்சுக்குக் கூப்பிடுறார், வெட்கத்திலை உங்களுக்கு நேரை சொல்லேல்லை" என்றேன். அங்கே மச்சாள் இவருக்குப் போன் எடுத்து அதையே மாற்றிச் சொன்னா.

இவர் போனை வைத்துவிட்டு வந்தார். முகத்தில் ஒரு பெருந்தன்மை. "சரி, அவர் இவ்வளவு இறங்கி வந்தால் நான் என்ன செய்ய? பாவம்."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நல்லதாய்ப் போயிற்று.

25 ஓகஸ்ட், ஞாயிறு

இதை முழுக்க எழுத வேண்டும்.

இவருடைய வான் வண்டியில் ஜேர்சி, பந்து, வில்லூன்றி எல்லாம் நிறைந்துவிட்டதால் நானும் ஜனுஷாவும் அண்ணாவின் காரில் போனோம். வழி முழுக்க அண்ணா பகிடி. "உன்ரை மனுசனுக்கு இண்டைக்குப் பந்து கண்ணிலை தெரியாது." பாபகூரா தாண்டி முகாமுக்குத் திரும்பும் இடத்தில் அந்தப் பகிடி நின்றது.

கேற். தடைக் கட்டை. பச்சை உடுப்பில் ஒரு ஆமிக்காரன்.

எங்களுக்கு முன்னால் யாருமில்லை. பின்னால் வானும் இன்னும் மூன்று காரும். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. அண்ணா கண்ணாடியை இறக்கினார். அவன் இன்னும் வாய் திறக்கவில்லை. அதற்குள் அண்ணாவின் கை வெளியே போய்விட்டது — பாஸ்போட், லைசென்ஸ், வேலைக் காட், எல்லாம் ஒன்றாக அடுக்கி. எப்போது எடுத்தார்? எதற்கு பாஸ்போட்டைக் கொண்டுவந்தார்? மற்றக் கை ஸ்டியரிங்கில், விரல் எல்லாம் விரித்து, அவனுக்குத் தெரியும்படி. திரும்பிப் பார்த்தேன். வானில் இவரும் கண்ணாடிக்கு வெளியே ஒரு பாஸ்போட்டை நீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த காரிலும் ஒரு கை.

ஆமிக்காரன் ஒரு மாவோரிப் பெடியன். இருபது வயது இருக்கும். அந்தக் கடதாசிகளைப் பார்த்தான், அண்ணாவைப் பார்த்தான். வாங்கவில்லை. "நா, யூ ஆர் ஓல் றைற், மேட்" என்றான். "ஃபுட்போல் தானே? யார் வெல்லப் போறது?" கட்டையைத் தூக்கிவிட்டான்.

அண்ணாவால் காரை எடுக்க முடியவில்லை. ஒரு கணம்தான். பிறகு "வீ ஆர்!" என்று கத்தினார். அதே நேரம் வானுக்குள்ளிருந்து இவர் குரலும், "வீ ஆர்!" பெடியன் சிரித்துச் சிரித்துக் கையசைத்தான்.

ஜனுஷா என் காதில், "Mum, why's Uncle crying?" என்றாள். "தூசி" என்றேன். ஓகஸ்ட் மழையில் ஏது தூசி.

இனி மாட்ச். முகாமிலிருந்து ஒரு கோப்ரல் றெஃபறி. லைனுக்கு நடுநிலையான ஆள் வேண்டும் என்று இரண்டு பக்கமும் அரை மணித்தியாலம் வாதாடி, ஜனுஷாவின் கையில் கொடியைக் கொடுத்தார்கள். அப்பா வில்லூன்றி, மாமா அம்புறோஸ், பாடசாலை அணியில் விளையாடுகிறவள், விதி தெரியும். அங்கே இருந்தவர்களில் விதி தெரிந்த ஒரே ஆள் என்றும் சொல்லலாம்.

அம்புறோஸ் இரண்டு, வில்லூன்றி ஒன்று. ஓடியவர்களைவிட நின்று ஏசியவர்கள் கூட. கடைசி நிமிடங்களில் ஜெய் பிரகாஷ் பந்தை வலைக்குள் அடித்தார். வில்லூன்றி முழுக்கத் துள்ளியது. கோல் காப்பாளர் யேசுராசா தன் கோலை விட்டுவிட்டு மைதானத்தின் மறு அந்தம்வரை ஓடி வந்தார். இவ்வளவு தூரம் ஓடி நான் பார்த்ததே இல்லை.

ஜனுஷாவின் கொடி மேலே நின்றது.

"ஓஃப்சைடோ? பிள்ளை, வடிவாப் பாத்தனியோ?"

"Dad. He was miles off."

"என்ரை மருமகள்!" என்று அண்ணா கத்தினார்.

"என்ரை மகளடா அது!" என்றார் இவர், மூச்சு வாங்கிக்கொண்டு. கோபத்தில் சொன்னாரா பெருமையில் சொன்னாரா, எனக்கு விளங்கவில்லை. "டா" போட்டுவிட்டார் என்பதை இருவரும் கவனித்தார்கள். மார்ச்சுக்குப் பிறகு இவர் அண்ணாவோடு நேரே பேசிய முதல் சொல் அதுதான்.

முடிந்த பிறகு ஜெய் பிரகாஷ் எல்லாரையும் முகாமின் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுடுதண்ணி. வில்லூன்றிக்காரர் வாசலில் தயங்கி நின்றார்கள், ஐந்து மாதமாக "சுடுதண்ணிக்காரர்" என்று சொன்ன பேச்சு. குளித்துவிட்டுக் கடைசியாக வெளியே வந்தது யார் என்று எழுத வேண்டியதில்லை. தோல் சிவந்திருந்தது.

தோடம்பழம் தின்றுகொண்டே இருவரும் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "நீதானே கூப்பிட்டனி?" "நானோ? நீயெல்லோ!" இரண்டு பேரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். மச்சாள் தொலைவில் தெரிந்த மலையை ரசித்தா. நானும் ரசித்தேன்.

26 ஓகஸ்ட், திங்கள்

இவருக்குப் படியிறங்க முடியவில்லை. குந்தியிருந்தபடியே இறங்கினார்.

27 ஓகஸ்ட், செவ்வாய்

காலமை வேலைக்குப் போகும்போது, கதவைப் பிடித்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போல: "ஓஃப்சைட்தான்."

18 மே 1997, ஞாயிறு

அம்புறோஸ் கிழக்கிலேயே இருக்கிறது. வில்லூன்றி தெற்கிலேயே. இரண்டு லீக்கும் இரண்டு பேருக்கும் பொருந்தவில்லை. ஆனால் இனி யாரும் மாறப்போவதில்லை. இந்த வருடம் முகாம் மாட்சுக்கு நாள் குறித்தாயிற்று. இம்முறை பொய் தேவைப்படவில்லை.

இன்று வில்லூன்றிக்கு மாட்ச் இல்லை. மத்தியானம் சாப்பிட்ட கையோடு இவர் கோட்டை எடுத்தார்.

"எங்கை?"

"பக்குரங்காவுக்கு. அவங்கள் தோக்கிறதை ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

போன கிழமையும் போனார். அதற்கு முதல் கிழமையும். மச்சாளுக்குக் கொஞ்சம் கத்தரிக்காய்ப் பொரியல் கட்டிக் கொடுத்தேன்.

பொழுதுபட வந்தார். கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது, கதைக்கச் சத்தமே வரவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி வைத்தேன். தொடவில்லை.

"தோத்திட்டினமோ?" என்றேன்.

தலையாட்டினார். காற்றுத்தான் வந்தது, ஆனாலும் சொன்னார்:

"அது பெனால்ட்டியே இல்லை, பேர்ணடெட்."