அப்பாவை ராட்டினத்தில் ஏற்றியது

துபாய்,
24-8-76

அன்பு மனைவி செலஸ்தீனுக்கு,

மாதா கிருபையால் சுகமாக இருக்கிறேன். நீயும் பிள்ளைகளும் சுகம் என்று உன் கடிதத்தில் தெரிந்துகொண்டேன். என் அப்பா மட்டும் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் உன் தம்பி ரெமிஜியுஸ்.

மாதா கோயில் திருவிழாவில் அப்பாவைப் பெரிய ராட்டினத்தில் ஏற்றி, உச்சியில் நிறுத்தச் சொல்லிச் சிரித்தானாம். "முத்துக் குளிச்ச மனுசனுக்கு என்ன பயம்னு கேக்கான்" என்று நீயும் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். வெட்கமாக இல்லையா? மச்சுப்படி ஏறவே பயப்படுகிறவர் அவர். கடலுக்குள் பத்துப் பாகம், அறுபதடி ஆழம் முங்கினாரென்றால், அவர் இடுப்பில் கட்டின கயிற்றை வள்ளத்தில் பிடித்தது அவர் மச்சினன், அம்மாவின் தம்பி. அப்பா கயிற்றைச் சுண்டினதும் மாமா மேலே இழுத்துவிடுவார். அக்காள் தாலியறுக்க விடமாட்டான் என்றுதான் மச்சினன் கையில் கயிற்றைக் கொடுப்பது. என் மச்சினன் என்ன செய்தான்? இறங்கினதிலிருந்து அப்பா யாரிடமும் பேசவில்லையாமே!

அதற்காக அடுத்த வருஷம் அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதே. குடைராட்டினம் தரையோடு சுற்றும். சின்னவளை மடியில் வைத்து அதில் உட்காரட்டும். உன் தம்பி பக்கத்திலேயே நிற்க வேண்டும். அப்பா "போதும்" என்ற நிமிஷமே நிறுத்தச் சொல்ல வேண்டும்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் அப்பாவின் பழைய இடுப்புக் கயிற்றைக் கொடுத்தனுப்பு. எனக்கு இப்போது அறுபதடி கிரேனில் வேலை. ஏணியில் பாதி ஏறினதும் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாவிட்டாலும் இடுப்பில் கிடக்கட்டும்.

அப்பாவிடம் சொல்லாதே. வேலைக்கு லாரி வந்துவிட்டது.

லியோன்