சிவப்புக் கோட்டுக்குள் அப்பாவின் தையல் கடை

அருமை மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா தேவைக்கு மேலேயே நலம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பாவிடம் கேட்டால் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். எங்கள் நகரமைப்பு அலுவலகத்தில் வெள்ள வரைபடத்தைப் புதிதாகப் போட்டோம். மழை முன்போலவா பெய்கிறது, ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிறது, பழைய கணக்கு இனி உதவாது. ஆற்றை ஒட்டிச் சிவப்புக் கோடு போடும் வேலை என் தலையில் விழுந்தது. கோட்டுக்குள் வரும் வீடுகளில் தண்ணீர் புகுந்து வெளியேறக் கீழ்த்தளத்தைக் காலியாக விட வேண்டும், மாடி இல்லாதவர்களுக்கு மேட்டுப் பக்கம் மாற்று வீடு. கோடு எங்கே போனது தெரியுமா, கீழே அப்பாவின் கடை இருக்கும் நம் வீட்டையும் பக்கத்து லாண்டரிக்காரர் வீட்டையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனது.

அவ்வளவுதான், “கட்டின பொண்டாட்டியே கடையைக் காலி பண்ணச் சொல்றா” என்று அப்பா தெரு முழுக்கத் தமுக்கடித்தார். கோட்டை ஒரு நூல் நகர்த்தக் கூடாதா என்று என்னிடம் கெஞ்சல் வேறு. நமக்காக நகர்த்தினால் லாண்டரிக்காரர் வீடும் வெளியே போய்விடும், அங்கே கைக்குழந்தை கீழ்த்தளத்தில் தரையில் தூங்குகிறது, முடியாது என்றேன். மனுஷன் என் மேலேயே ஆட்சேபணை கொடுத்துவிட்டார்!

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். எங்கள் அலுவலக இயக்குநர் கூப்பிட்டதும் எழுந்து என்னைப் பார்த்து, “மேடம், கோடு போட்டவங்களோட வீட்டுக்காரர் எங்க போவாராம்?” என்றார். “மாடிக்குப் போவார் சார், படி ஏறினா தொப்பையும் குறையும்” என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மட்டும் குரலை இறக்கி, “முட்டிவலிக்காரங்க ஏறி வருவாங்களா? கடை படுத்துடுமேம்மா” என்றார். மேடம் போய் அம்மா வந்ததும் கையிலிருந்த வரைபடத்தை இன்னொரு முறை விரித்துப் பார்த்தேன். ஆனாலும் ஆட்சேபணை தள்ளுபடி.

இரண்டு நாள் அப்பா மாடி ஜன்னலையே அளந்துகொண்டிருந்தார். பிறகு அவரே ஜன்னலில் கப்பி மாட்டிக் கயிற்றில் கூடை கட்டினார். துணி கூடையில் ஏறும், அளவெடுக்க மட்டும் அவர் இறங்குவார். தையல் மெஷினை ஏற்றும்போது அது படித் திருப்பத்தில் சிக்கிக்கொள்ள, அவர் மேலே, நான் கீழே, மெஷினுக்கு மேலாகவே அவருக்குக் காபி நீட்டினேன். வேடிக்கைக்காகவே கூட்டம் வருகிறது, வேலை குறையவில்லை.

போன வாரம் ஆறு பெருகியது. தண்ணீர் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் போனது, ஒரு வாளி தவிர எதுவும் நஷ்டமில்லை. பக்கத்து மாடியில் குழந்தை சுகமாகக் கத்திக்கொண்டிருந்தது. அப்பா படியில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கும்படி, “எப்படி, நாங்க போட்ட கோடு?” என்கிறார். நாங்களாம்!

உனக்கு எல்லா நலனும் பெருகட்டும், கண்ணே. நீ வாடகைக்கு இருப்பது எந்தத் தளம் என்று இன்னும் சொல்லவில்லை. கீழ்த்தளம் என்றால் சொல், அப்பாவை அனுப்புகிறேன், பேசியே உன்னை மாடிக்கு ஏற்றிவிடுவார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா