கைப்பைக்குள் அடங்கும் அளவு

ரயில் மேடையில் எனக்காகக் கைகட்டி நின்ற என் அண்ணாவுக்கு,

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு அச்சிடும் சிறு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். "உன்ர கொண்ணரைப் பற்றி உனக்குத் தெரிஞ்சதை எழுது. நல்லவர் வல்லவர் எண்டு எழுதாத. அதை எழுத வேற ஆக்கள் இருக்கினம்" என்றார். உங்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் எழுதவேண்டியது என்னைப் பற்றியது. அதை உங்களுக்குச் சொன்னால்தான் மற்றவர்களுக்குச் சொல்லும் துணிவு வரும் போலிருக்கிறது.

என் குஞ்சு ஆரபி உறங்கிவிட்டாள். வாசல் கதவின் சங்கிலியை மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

அண்ணா, ஒரு பெண் ஒருவருக்கும் தெரியாமல் கைப்பையில் வைத்திருக்க எந்தத் துவக்கு சரிவரும்? போன மாரி முழுவதும் என் தலைக்குள் இந்தக் கேள்விதான் ஓடியது. என் வாழ்க்கையில் துவக்கைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்கள் போனபிறகுதானே அது எனக்குத் தேவைப்பட்டது?

நீங்கள் பிஸ்ரல் கிளப்பில் சேர்ந்தபோது அம்மா மூன்று நாள் உங்களோடு கதைக்கவில்லை. "துவக்குச் சத்தம் கேக்கக்கூடாதெண்டுதானே இஞ்சை வந்து உங்களைப் பெத்தனாங்கள். நீ காசு குடுத்துப் போய்ச் சுடுறியோ?" என்று அழுதார். நீங்கள் சோற்றைக் குழைத்தபடி, "அம்மா, நான் கடதாசியைத்தானே சுடுறன். கடதாசி திருப்பிச் சுடாது" என்றீர்கள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெட்டியோடு நீங்கள் சாமித்தட்டைக் கடந்து போக அவர் கடைசிவரை விடவில்லை.

உங்கள் பிஸ்ரல் இப்போது இல்லை. நீங்கள் போனதும் சட்டப்படி அதைக் கொடுத்துவிட்டோம். இருந்திருந்தாலும் எனக்கு உதவாது. முழங்கை நீளத்துக்கு மரப்பிடியோடு இருக்கும் அதை எந்தக் கைப்பைக்குள் வைப்பது?

உங்களுக்கு மட்டும் தெரிந்ததை இப்போது எல்லோருக்கும் தெரியச் சொல்கிறேன். நானும் ஆரபியின் அப்பாவும் "ஒத்துவராமல்" பிரிந்தோம் என்றுதான் சனம் நினைக்கிறது. ஒருநாள் அவர் என் கழுத்தைக் கதவுக்கும் சுவருக்கும் இடையில் வைத்துக் கதவைத் தள்ளினார். அன்றுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். காரணத்தை அண்ணிக்கும் சொல்லாமல் உங்களுக்கு மட்டும் சொன்னேன். "பொலிசுக்குப் போவம்" என்றீர்கள். "வேண்டாம் அண்ணா, சனத்துக்குத் தெரிஞ்சால் அம்மா உடைஞ்சு போவா" என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும், கேபிள் துண்டுகள் பிதுங்கும் வேலைக் காற்சட்டையோடு, ஹொல்ம்லியா ரயில் மேடையில் நீங்கள் வந்து நின்றீர்கள். அவர் தூரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். நீங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. நின்றதே போதும்.

உங்கள் சாவீட்டில் அவரும் வந்து கைகூப்பி நின்றார். என்ன நினைத்தபடி நின்றார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

அடுத்த மாதத்திலிருந்து மேடையில் நீங்கள் நின்ற இடத்திலேயே அவர் நிற்கத் தொடங்கினார். கிட்ட வரமாட்டார், கதைக்கமாட்டார். நான் இறங்கியதும் கைபேசியை எடுத்து ஏதோ தட்டுவார். ஒருநாள் தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது: "பிள்ளையின்ர புது நீல ஜக்கெற் வடிவாயிருக்கு." அந்த ஜக்கெற்றை அன்று காலையில்தான் முதன்முதலாக ஆரபிக்குப் போட்டு, அவளைப் பார்னஹாகனில், அவளுடைய பாலர் பள்ளியில், விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அதில் என்ன மிரட்டல் இருக்கிறது அண்ணா? பொலிசில் காட்டினால் வாசித்துவிட்டு என்ன சொல்வார்கள்? அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து யோசித்து, துவக்கில் வந்து நின்றேன்.

பட்டம் படித்தவள் நான். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள். அதனால் துவக்கையும் ஆய்வு செய்வதுபோலவே தேடினேன். அமெரிக்கப் பெண்கள் சமையலறையில் நின்று, முட்டைப்பொரியல் செய்முறை சொல்வதுபோல, எது உள்ளங்கைக்குள் அடங்கும், எது மேற்சட்டைக்கு மேலால் துருத்தாது, எதன் விசை மென்விரலுக்கு இறுக்கம் என்று விளக்கும் காணொளிகளைப் பார்த்தேன். சுழலும் உருளை வைத்ததா, தட்டையானதா? பாதுகாப்புப் பூட்டு இருப்பதா, இல்லாததா? பூட்டு இருந்தால் பதற்றத்தில் திறக்க மறந்துவிடுவேன். இல்லாவிட்டால் ஆரபி இருக்கிறாள். இந்த இடத்தில் எப்போதும் காணொளியை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன்.

பிறகு உங்கள் கிளப்புக்கே போனேன். புதியவர்களுக்கான மாலை ஒன்று இருந்தது. உங்கள் கூட்டாளி ஹெல்கே என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். சிறிய பிஸ்ரல் ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் வாங்காமல் நின்றேன். அவர் சிரித்துவிட்டு அதை மேசையில் வைத்தார்.

"உன் அண்ணனும் இப்படித்தான். ஒருநாளும் கையில் வாங்கமாட்டான், மேசையில் வை என்பான். பாதுகாப்பு விதியில் அவனைப் போல ஒருவன் இல்லை என்று புதியவர்களுக்கெல்லாம் சொல்வேன்" என்றார், நொர்வேஜிய மொழியில்.

பாதுகாப்பு விதியா அது? கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று அம்மா நம்மை வளர்த்த வளர்ப்பல்லவா? வாய்விட்டுச் சிரித்தேன் அண்ணா. பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தேன்.

சுட்டேன். உங்களுடைய அதே கடதாசி வட்டத்தைப் பார்த்துத்தான் சுட்டேன். சூடு கீழே எங்கோ போய்க் குத்தியது. பிஸ்ரல் கைக்குள் துள்ளி, மணிக்கட்டு நொந்தது. "சின்னது என்றால் இலேசு என்று நினைக்கிறார்கள். சின்னதுதான் கூடத் துள்ளும், குறி பிடிக்கவும் கடினம்" என்றார் ஹெல்கே. நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன்:

"இதைவிடச் சின்னது இல்லையா? கைப்பைக்குள் வைக்கிற மாதிரி?"

அவர் முகம் மாறியது. பிஸ்ரலை எடுத்து, குண்டுக்கூட்டைக் கழற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினார். பிறகுதான் பேசினார். "இந்த நாட்டில் தற்காப்புக்கென்று ஒருவருக்கும் உரிமம் இல்லை, தெரியும்தானே? நீ கேட்டதை நான் கேட்காததுபோல இருக்க முடியாது. யாருக்குப் பயப்படுகிறாய்?"

ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நம்முடைய சனத்தில் ஒரு தம்பியிடம் விசாரித்தேன். பெயர் வேண்டாம், அவன் தாய் இதை வாசிப்பார். "அக்கா, ஒண்டும் கேக்காதேங்கோ, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. கையுக்குள்ள அடங்கிற சாமான் ஒண்டு இருக்கு. சனிக்கிழமை ஸ்ட்ரோம்மன் கார் பார்க்குக்கு வாங்கோ" என்றான். பாரம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். "ஒரு சின்னப் பால் பெட்டியளவுக்கும் வராது" என்றான்.

அந்தச் சனிக்கிழமைக்குக் காத்திருந்த வாரம், பாரம் பழகவேண்டும் என்று நினைத்தேன். உள்ளிப்பூண்டு இடிக்கும் சின்னக் கல்லுரலின் குழவியை நிறுத்துப் பார்த்தேன், ஏறக்குறைய சரிவந்தது. ஆரபியின் காலுறை ஒன்றுக்குள் அதைப் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். நடைவழிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அவர் கண்ணாடிக்குள் நிற்பதாக நினைத்து, எடுத்துப் பழகினேன். கையுறையைக் கழற்ற வேண்டும். பையின் ஸிப்பை இழுக்க வேண்டும். திருநீற்றுப் பை, ஈரத்துடைப்பான், பாதி தின்ற வாழைப்பழம் எல்லாவற்றையும் தாண்டிக் கை போகவேண்டும். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குள் நின்றவர் எனக்கு முந்திவிட்டார்.

ஆனாலும் பழகினேன். மேடையில் அவர் நின்றபோது பைக்குள் கையை விட்டுக் குழவியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கல்லைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்து நடந்தேன் அண்ணா. உண்மையைச் சொல்கிறேன், அது நன்றாக இருந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை உங்கள் கடைக்குட்டிக்கு முதலாவது பிறந்தநாள். நீங்கள் அவனைத் தூக்கியது சில வாரங்கள்தான். இப்போது அவனுக்கு உங்கள் நெற்றி அப்படியே வந்திருக்கிறது. உங்கள் ஆண்டுத் திவசம் முடியவில்லை என்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, கேக் ஒன்று, சோறு கறி. ஆனாலும் நம்முடைய சனம் தெரியும்தானே, வீடு நிறைந்துவிட்டது. வழமைபோல எல்லோருடைய ஜக்கெற்றும் கைப்பையும் உங்கள் அறைக் கட்டிலில் மலையாகக் குவிந்தன. வழமைபோல உறங்கிய குழந்தைகளை அந்தக் குவியலுக்கு மேலேயே கிடத்தினார்கள். நீங்களும் நானும் கூட அப்படித்தானே ஊர்ப்பட்ட மாமிமாரின் குளிர்ச்சட்டை வாசத்தில் உறங்கி வளர்ந்தோம்.

நான் குசினியில் வடைக்கு நின்றேன். அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தொம். கொஞ்சம் விட்டு, மறுபடியும் தொம்.

ஒருவரும் திரும்பவில்லை. எனக்கு மட்டும் அந்தச் சத்தம் எதுவென்று தெரியும்.

ஓடினேன். ஜக்கெற் குவியலுக்கு நடுவில் உங்கள் மகன் மல்லாந்து உறங்குகிறான். அவன் தலைமாட்டில், கட்டில் சட்டத்தில் சாய்ந்தபடி ஆரபி. என் பை திறந்து கிடக்கிறது. காலுறை ஒருபக்கம் கிடக்கிறது. இரண்டு கையாலும் குழவியை உயர்த்திப் பிடித்திருக்கிறாள்.

"அம்மா, தம்பிக்கு உள்ளி இடிக்கிறன்" என்றாள்.

மரச்சட்டத்தில்தான் இடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டத்துக்கும் உங்கள் நெற்றிக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. உங்கள் நெற்றி என்றா எழுதினேன்? இருக்கட்டும், அழிக்கவில்லை.

பிஸ்கற் தேடித்தான் பைக்குள் கை விட்டிருக்கிறாள். எந்த மாமியின் பையென்றாலும் நம் பிள்ளைகள் கை விடுவார்கள், ஒருவரும் தடுக்கமாட்டோம். எத்தனை காணொளி பார்த்தேன். எந்த அமெரிக்கப் பெண்ணும் இந்தக் கட்டிலைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? ஒரு நாள் பொறுத்து இந்தப் பிறந்தநாள் வந்திருந்தால், அந்தக் கையில் இருந்திருக்கப்போவது கல்லா?

குழவியைக் கையில் வாங்கவில்லை. "கீழ வை குஞ்சு, கீழ வை, அம்மா எடுக்கிறன்" என்றேன். வைத்தாள். கத்தியை வைப்பதுபோல, மெல்ல.

அண்ணி வாசலில் நின்றார். "உள்ளிக் குழவியை ஏனடி பைக்குள்ள கொண்டு திரியிறாய்?" என்று சிரிக்கத் தொடங்கினவர், என் முகத்தைக் கண்டதும் கதவைச் சாத்தினார். எல்லாம் சொன்னேன். கழுத்து, மேடை, நீல ஜக்கெற், கார் பார்க், எல்லாம். அவர் உங்கள் மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

"துவக்கை ஒளிக்க இவ்வளவு பாடுபட்டனி. முதல்ல இதை ஏன் எங்களுக்கு ஒளிச்சனி?"

"சனம் கதைக்கும் அண்ணி."

"கதைக்கட்டும். ஆனா உன்ர செத்தவீட்டில கதைக்க விடமாட்டன். விளங்குதோ?" என்றார். பிறகு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, "வடை கருகுது" என்று எழுந்து போனார். உங்கள் மனைவி மாறவில்லை அண்ணா.

அந்தத் தம்பிக்கு, "வரமாட்டேன், இனி இதைப் பற்றிக் கதைக்காதே" என்று மட்டும் எழுதினேன். திங்கட்கிழமை அண்ணியோடு பொலிசுக்குப் போனேன். நீல ஜக்கெற் செய்தியைக் காட்டினேன். வாசித்த பெண் பொலிஸ் சிரிக்கவில்லை. "இந்த ஜக்கெற் எப்போது வாங்கியது?" என்றுதான் முதலில் கேட்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அவர் என்னையும் பிள்ளையையும் நெருங்கக்கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள். அழுத்தினால் பொலிசுக்குப் போகும் கருவி ஒன்றும் தந்திருக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. பாரமே இல்லை. பார்னஹாகனிலும் சொல்லிவிட்டேன்.

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. தடை என்பது கடதாசிதான் அண்ணா. இன்றும் மேடையில் தொப்பி போட்ட ஒருவரைக் கண்டு கருவியில் விரலை வைத்துவிட்டேன். வேறு யாரோ. ஆனால் நான் இறங்கியபோது, நீங்கள் நின்ற இடத்தில், தள்ளுவண்டிலில் உங்கள் மகனை வைத்துக்கொண்டு அண்ணி நின்றார். நாளைக்கு ஹெல்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் பதில் சொல்லிவிட்டேன், யாருக்குப் பயம் என்று. அம்மாவுக்கும் சொல்லியாயிற்று. உடையவில்லை. "அப்ப நான் புதன்கிழமை நிக்கிறன்" என்றார்.

இவ்வளவு நாளும் எந்தத் துவக்கு, எந்தத் துவக்கு என்று தேடியது உங்களைத்தான் போலிருக்கிறது. உங்கள் அளவில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இதை அப்படியே அண்ணியிடம் கொடுக்கிறேன், அச்சிடட்டும். வாசிப்பவர்கள் கதைக்கட்டும். கதைத்து முடித்தவர்கள் ஹொல்ம்லியா மேடைக்கு ஒரு பின்னேரம் வரட்டும். வியாழனும் வெள்ளியும் இன்னும் வெறுமையாக இருக்கின்றன.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணா. உங்கள் கட்டிலில் நான் கொண்டுவந்து போடும் பைக்குள் எந்தப் பிள்ளையும் எப்போதும் கை விடலாம். பிஸ்கற்றைத் தவிர வேறொன்றும் அகப்படாது.

உங்கள் தங்கச்சி,
ஆரபியின் அம்மா,
உங்கள் கடைக்குட்டியின் மாமி.