குனிந்தால் ஏறுகிற பி.பி.

12-2-79, திங்கள்

காலையிலேயே வெயில் சுரீர். மாசி கூடப் பிறக்கவில்லை. பஞ்சு தீர்ந்தது, கட்டுத்துணி நாலே சுருள். எழுதிக் கொடுக்க வேண்டும்.

டாக்டரின் கால் ஆராய்ச்சி முப்பத்தொன்பதாம் ஆளுக்கு வந்துவிட்டது. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு ஏன் காலில் இரத்தக்குழாய் சுருண்டு புடைக்கிறது, யாருக்கு ஜாஸ்தி என்று பார்க்கிறார். இதுவரை டீ மாஸ்டர், இஸ்திரிக்காரர், கண்டக்டர், சலூன்காரர் இரண்டு பேர், பள்ளிக்கூட டீச்சர், இன்னும் பலர். பதினேழாம் நம்பர் நான். நர்ஸ் கஸ்தூரி, இடது கால். என் காலை நானே அளந்து நானே எழுதிக்கொண்டேன். வெட்கக்கேடு.

39: தனபாக்கியம். அடி அண்ணாமலையில் இட்லிக்கடை. நாற்பது வயது இருக்காது. அடுப்படியில் நின்று நின்று கால் போச்சு. கணுக்காலுக்கு மேல் ஆறாத புண். வியாழக்கிழமை ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்க வேலூரிலிருந்து ஆள் வருகிறார்.

இனிமேல்தான் விஷயம். பி.பி. 130/80 என்று எழுதிவிட்டேன். கையில் சுற்றின பட்டையை இன்னும் கழற்றவில்லை. அவள் செருப்பை எடுக்கக் குனிந்தாள். நிமிரும்போது முகம் வெளுத்துக் கிடக்கிறது. வேர்வை ஊற்றுகிறது, கை நடுக்கம், நெஞ்சு அடிப்பது ரவிக்கைக்கு மேலேயே தெரிகிறது. புருஷன் மாணிக்கம் பக்கத்தில்தான் இருந்தார். பயப்படவில்லை. கை கூப்பினார். "தாயே, வந்துட்டியா!" மடியிலிருந்து விபூதி எடுத்து அவள் நெற்றியில் பூசினார்.

நான் பம்ப்பை அமுக்கினேன். 250/140. நம்பவில்லை. மறுபடி அமுக்கினேன். அதே. கால் மணி நேரம் கழித்து 130/80, ஒன்றுமே நடக்காத மாதிரி!

டாக்டர் டீ குடித்துவிட்டு வந்தார். "மெஷின்ல ஏதோ கோளாறு கஸ்தூரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு வருஷமாக பம்ப் அமுக்குகிறேன். கோளாறாம்.

13-2, செவ்வாய்

மெஷினைச் சோதித்தேன். வாட்ச்மேன், ஆயா, நான், கடைசியில் டாக்டர். எல்லாம் ஒழுங்கு. டாக்டருக்குத்தான் கொஞ்சம் தூக்கல். ஊறுகாயைக் குறைக்கச் சொன்னேன். முறைத்தார்.

பதினொரு மணிக்கு தனபாக்கியம் (இனி த.பா.) புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்தாள். டாக்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "செருப்பை எடும்மா" என்றேன். 240/130. டாக்டர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே துள்ளல். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். வேண்டுமென்றே வரவழைத்திருக்கிறேன். இனி செய்ய மாட்டேன்.

தண்ணீர் கொடுத்து விசாரித்தேன். "போன ஆடியில நம்மூரு பெரிய கோயில்ல அங்கப்பிரதட்சணம் பண்ணேன் சிஸ்டர். ஈரத்துணியோட உருண்டுகினே போறப்ப தலை வெடிச்சிடும்போல வந்துது. கூட இருந்தவங்கல்லாம் அம்மன் வந்துட்டானு காலுல வுழுந்தாங்க." அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் கூட்டம். குறி கேட்கிறார்கள். பக்கத்து ஊர் வேங்கிக்காலிலிருந்துகூட வருகிறார்களாம், மாணிக்கத்துக்கு ஏகப் பெருமை. இந்த சிவராத்திரிக்கும் உருளுவதாக வேண்டுதல். 25-ஆம் தேதி.

14-2, புதன்

டாக்டர் தலையணை சைஸ் புத்தகத்தோடு வந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. "கஸ்தூரி, இங்க வா, இங்க வா!" இப்படி அவர் கூப்பிட்டதே இல்லை.

சிறுநீரகத்துக்கு மேலே குல்லாய் போட்டாற்போல ஒரு சுரப்பி. அட்ரினல். அதில் அபூர்வமாகக் கட்டி வரும். குனிந்தாலோ வயிறு அமுங்கினாலோ கட்டியிலிருந்து ஒரு சுரப்பு இரத்தத்தில் கொட்டும், பி.பி. ஆகாயத்துக்குப் போகும். டாக்டர் படித்த காலத்தில்கூட ஒரு நோயாளியைப் பார்த்ததில்லையாம்.

"தெரியாம நாளைக்கு மயக்க மருந்து குடுத்திருந்தா டேபிள்லயே போயிருப்பா" என்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று மணிவரை சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு டோஸ் ஊசியை ஒருத்திக்கே போடப் பார்த்தேன், நல்லவேளை ஆயா கத்தினாள். அப்புறம்தான் உறைத்தது. ஒருத்தி வயிற்றில் கட்டி என்று நான் குதித்துக்கொண்டிருக்கிறேன். வயிறு அமுங்கினால் வரும் என்றால், சிவராத்திரிக்கு அவள் பிராகாரம் முழுக்க உருண்டால்?

15-2, வியாழன்

ஆபரேஷன் ரத்து. உருளக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் மாணிக்கம் எழுந்து நின்றுவிட்டார். "சாமி காரியங்க. வயித்துல கட்டினு நீங்க வாயால சொன்னா ஆச்சா? காயிதத்துல காட்டுங்க." தப்பு இல்லை. எங்களுக்கும் காகிதம் வேண்டும்.

சோதனை: ஒரு நாள் முழுக்கக் கழிக்கிற சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் சேர்த்து வேலூருக்கு அனுப்ப வேண்டும். கெட்டுப்போகாமல் இருக்க கேனில் டாக்டர் ஆசிட் ஊற்றிக் கொடுத்தார். காபி கூடாது, வாழைப்பழம் கூடாது. ஆஸ்பத்திரியில் தங்கச் சொன்னோம். "நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஜனங்க வருவாங்களே!" கேனை வீட்டுக்கே கொடுத்தனுப்பினோம். மாணிக்கத்திடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையாட்டினார்.

16-2, வெள்ளி

அழுவதா சிரிப்பதா.

பத்து மணிக்கு மாணிக்கம் வந்தார். கேன் பளபளவென்று. குறி சொல்கிற வீட்டில் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக அது இருக்கலாமா என்று கொல்லையில் கொட்டிவிட்டார். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாதே, அதனால் கழுத்து வரைக்கும் வேர்க்கடலை. "நம்ம கொல்லில வெளைஞ்ச மல்லாட்டைங்க. டாக்டருக்கும் குடுங்க."

ஆசிட் இருந்த கேன். ஒன்றை வாயில் போடப் போன ஆயாவின் கையைத் தட்டிவிட்டேன். அத்தனையையும் குழி தோண்டிக் கொட்டச் சொன்னேன். மாணிக்கத்தை நான் திட்டின திட்டு வார்டு பூராவும் கேட்டிருக்கும். மனுஷன் முகம் சுருங்கிவிட்டது. மரியாதை செய்யத்தானே நினைத்தார். சிவராத்திரிக்கு இன்னும் ஒன்பது நாள்.

18-2, ஞாயிறு

நேற்றுக் காலையிலிருந்து த.பா. வார்டில், மூலைக் கட்டில். கேன் என் பொறுப்பு. நான் வீட்டுக்கே போகவில்லை. அவள் பாத்ரூம் போனால் பின்னாலேயே நான். "மாமியார்கூட இப்படி காவல் காக்கல" என்றாள். காபி இல்லை என்று ஒரு சண்டை. யாரோ பிரசாத வாழைப்பழம் கொண்டு வந்தார்கள், பிடுங்கி நானே தின்றுவிட்டேன். இரண்டு தடவை அந்த வேதனை வந்தது. இரண்டு தடவையும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் விரல் வலிக்கிறது.

காலை எட்டு மணிக்குக் கேனை மூடினேன்.

19-2, திங்கள்

டாக்டரே வேலூர் பஸ்ஸில் போனார், கேன் மடியில். பக்கத்து சீட்டுக்காரர் மலைத்தேனா என்று கேட்டுக்கொண்டே வந்தாராம், கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்றும். போளூர் வரைக்கும் சமாளித்திருக்கிறார். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். இந்த மனுஷர் சிரிப்பார் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

20, 21

வேலூரிலிருந்து போன் இல்லை. மின்சாரம் இல்லை. கால் வலி. ஆராய்ச்சிக்கு நாற்பதாம் ஆள் வந்தார், ஜவுளிக்கடையில் நிற்கிறவர். டாக்டர் ஒரே காலை இரண்டு தடவை அளந்தார்.

22-2, வியாழன்

வந்துவிட்டது! வேலூரிலிருந்து போன். அந்தச் சுரப்பு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. உடனே அனுப்பச் சொல்கிறார்கள். டாக்டர் போனை வைத்துவிட்டு மேஜையைக் குத்தினார், மைப்புட்டி கவிழ்ந்தது. நானும் குத்தினேன். கோளாறாம்!

23-2, வெள்ளி

டாக்டரோடு ஜீப்பில் அடி அண்ணாமலை போனேன். வாசலில் குறி கேட்க ஏழெட்டுப் பேர். வேலூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்த காகிதத்தை மாணிக்கத்திடம் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ அது அம்மன் இல்லையா?" வாசலைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

த.பா.தான் பேசினாள். "எனக்கு அப்பவே தெரியும். அம்மன் வந்தா பயமா இருக்குமா? ஒவ்வொரு வாட்டியும் செத்துடப் போறேன்னுதான் இருக்கும். இதோ போறேன், இதோ போறேன்னு. நான் செத்துகினு இருப்பேன், நீங்கல்லாம் சுத்தி நின்னு கும்புட்டுகினு இருப்பீங்க. யாருகிட்ட சொல்லுவேன்?"

மாணிக்கம் காகிதத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உனக்குத்தானே பெருமை ஜாஸ்தி" என்றாள். உள்ளே போய்ப் புடவைகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். குனியாமல், ஒவ்வொன்றாக.

ஜீப்பில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பத்து நாளாக பி.பி. நம்பரை மட்டும் பார்த்தேன். பயமாக இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டேனா?

26-2, திங்கள்

த.பா. வேலூரில், நாத்தனார் துணைக்கு. வேண்டுதல் நிற்கக் கூடாது என்று மாணிக்கம் திரும்பி வந்து நேற்றுக் காலை தானே உருண்டிருக்கிறார். முழங்கை இரண்டும் தோல் கிழிந்து வந்தார். மருந்து போட்டேன். "கல்லு சுடுது சிஸ்டர். இதுல அவ எப்படி உருண்டா?" கட்டுப் போட்டதும் வேலூர் பஸ் ஏறிவிட்டார்.

5-3, திங்கள்

டாக்டர் வேலூர் போய்ப் பார்த்து வந்தார். பி.பி.யை அடக்க மாத்திரை கொடுக்கிறார்கள். அது படிந்தால்தான் கத்தி. இடது பக்கக் கட்டி. கைபட்டாலே பி.பி. தாவும், ஆபரேஷன் நடக்கும்போதே போனவர்கள் உண்டாம். இதை ஏன் என்னிடம் சொன்னார்.

14-3, புதன்

வேலூரில் இன்று காலை ஏழரைக்கு அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. தெர்மாமீட்டர் இரண்டு உடைத்தேன். டாக்டர் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். இரண்டு மணிக்குக்கூட ஒன்றும் இல்லை. நல்ல சேதி என்றால் இத்தனை நேரம் ஆகுமா?

நாலே காலுக்கு ஆபீஸ் போன் அடித்தது. ஓடிப் போய் எடுத்தேன். மாணிக்கம். பிறந்ததிலிருந்து போனில் பேசியதில்லை போலிருக்கிறது, போனே இல்லாமல் வேலூரிலிருந்து கேட்கும்படி கத்துகிறார். "சிஸ்டர்! எடுத்துட்டாங்க! முழிச்சிட்டா! கண்ணைத் தொறந்ததும் என்னைத் திட்றா சிஸ்டர், சட்டையை ஏன் தொவைக்கலைனு. நல்லா திட்றா!" அப்புறம் அழுகைதான் கேட்டது.

போனை வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து நானும் ஓவென்று அழுதேன். கணக்குப்பிள்ளை பதறி எழுந்து வந்தார். "இன்னாம்மா, யாரு போய்ட்டாங்க?"

"யாரும் போகலைங்க" என்றேன். "யாருமே போகல!"