நடுவில் இருந்த எழுத்து

டீச்சரம்மா,

நேற்றிலிருந்து நீ பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். தையல் கம்பெனி வாசலில் உன்னை மழையில் நிற்கவைத்தது தப்புதான். "ஜென்மத்துக்கும் உங்க கார்ல ஏற மாட்டேன்"னு நீ சொன்னதும் நியாயம்தான். ஆனால் நடந்ததைக் கேள்.

காருக்கு என்ன ஆயில் வாங்குவது என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். துண்டுச் சீட்டில் 5W30 என்று எழுதிக் கொடுத்தான். ஐந்தரைக்கு வரச் சொல்கிறான் என்று நினைத்துவிட்டேன். நடுவில் இருந்தது, பேனா எழுதுகிறதா என்று அவன் கிறுக்கிப் பார்த்தது என்று விட்டுவிட்டேன். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ் எழுத்தில் அது இல்லை, பார்த்துக்கொள்.

உன்னைக் கூட்டிவர வேண்டிய ஐந்தரைக்கு அவன் ஷெட்டில் போய் நின்றேன்.

"ஆயில் எங்கண்ணே?" என்று கேட்டான்.

"நீதானப்பா அஞ்சரைக்கு வரச் சொன்னே?"

"அண்ணே, அது நேரமில்ல, ஆயிலோட நம்பரு!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அதையே வாங்கி, விடியக்காலையில் நானே மாற்றிவிட்டேன். உடம்பெல்லாம் வலி, ஆனால் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கிடங்கில் இன்று லோடு இறக்க இரண்டு லாரிதான், சீக்கிரம் விட்டுவிடுவார்கள். சாயங்காலம் 5.30க்கு உன் கம்பெனி வாசலில் நிற்பேன். நடுவில் இருப்பது வெறும் புள்ளி. பஸ் ஏறிவிடாதே.

சோறு சின்னப் பாத்திரத்தில் இருக்கிறது.

பின்வாசலில் மூடியிருக்கும் உன் பெரிய பாத்திரத்தைத் திறக்காதே. பழைய ஆயிலை அதில்தான் பிடித்தேன். வேறு ஏனம் கிடைக்கவில்லை.

திறந்துவிட்டாயா? சரி, காரில் ஏறி உட்கார்ந்து திட்டு.