மேனேஜரும் டீச்சரம்மாவும் நானூறு குஞ்சுகளும்

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம், நீயும் நலம் என்று நீ சொல்வதை அப்படியே நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிட்டால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், இதுவோ உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கிற சங்கதி.

நீ வேலைக்குக் கிளம்பும்போது கட்டைவிரல் அளவில் இரண்டு ஜாகுவார் மீனை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாய், உள்ளங்கைக்கு மேல் வளராது என்று மீன் கடைக்காரர் சொன்னதாகவும் சொன்னாய். யாருடைய உள்ளங்கை என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். மூன்று வருஷத்தில் ஆண் மீன் என் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வளர்ந்துவிட்டது, ஆறடித் தொட்டி வந்து சோபா உன் அறைக்குப் போய்விட்டது, யாராவது வந்தால் கட்டிலில் உட்கார வைத்துப் பேசுகிறோம். நான் தையல் மெஷினை மிதித்தால் போதும், அவன் கண்ணாடியோரம் வந்து நின்று தையல் நேராகப் போகிறதா என்று முறைப்பான், அதனால் அவனுக்கு மேனேஜர் என்று பெயர். பெண் மீன் கொஞ்சம் சின்னவள், காலையிலிருந்து கூழாங்கல்லை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி இடம் மாற்றிக்கொண்டே இருப்பாள், அவள் டீச்சரம்மா. முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷர் ரிட்டயர் ஆனதும் சும்மா இருப்பாரா, இந்த ஜோடியைக் குஞ்சு பொரிக்க வைத்தே தீருவேன் என்று இறங்கிவிட்டார். கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றைத் தொட்டிக்கு நடுவே தடுப்பாக இறக்கினார், முட்டை போடத் தரை ஓடு ஒன்றைச் சாய்த்து வைத்தார். ஞாயிறுதோறும் தடுப்பைத் தூக்குவார், மேனேஜர் வாயைப் பிளந்துகொண்டு டீச்சரம்மாவை மூலைக்கு விரட்டுவான், இவர் பதறிப்போய்த் தடுப்பை இறக்குவார். அப்படி இறக்கும்போதுதான் ஒரு நாள் விரலைக் கடித்துவிட்டான். டாக்டர், நாயா பூனையா என்று கேட்டார், இவர் வாய்க்குள்ளேயே மீன் என்றார், டாக்டர் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கடித்துவிட்டேன், இவர் மீன்மேல் பழி போடுகிறார் என்று நினைத்தார் போலிருக்கிறது.

எனக்கும் பொறுமைக்கு ஒரு அளவு உண்டல்லவா. ஃப்ரீசரில் பாதி அவர்களுடைய இறால். தண்ணீர் மாற்றுகிற நாளில் ஹால் முழுக்க வாளி. போன மாதம் புது வீடு குடிபோன அம்மா ஒருவருக்கு எட்டு ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தேன், மறுநாளே அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்து, தையலெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா மாட்டினதும் வீட்டுல மீன் வாடை அடிக்குதுங்க என்றார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. அத்தைக்குக் கண் ஆபரேஷன் என்று உன் அப்பா நாலு நாள் துணைக்குப் போனார் பார், அந்தச் சமயம் பார்த்து மீன் கடைக்காரரைக் கூப்பிட்டு, இரண்டையும் சும்மாவே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இவர் வந்தால் இரண்டும் ஒரே நாளில் செத்துப்போச்சு என்று சொல்வதாகத் திட்டம், எந்த இடத்தில் அழ வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். சிரிக்காதே.

கடைக்காரரும் சொன்ன நேரத்துக்குப் பெரிய டிரம்மும் வலையுமாக வந்தார். கொஞ்ச நாளாக இரண்டும் சண்டை போடாமல் இருந்ததால் உன் அப்பா தடுப்பை எடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். வலை உள்ளே இறங்கியதுதான் தாமதம், மேனேஜர் பாய்ந்து வந்து வலையைக் கவ்வி இழுக்கிறான், ஓட்டுக்குப் பின்னாலிருந்து புகை மாதிரி என்னவோ கிளம்புகிறது. பார்த்தால் அத்தனையும் குஞ்சு, கடுகுக்கு வால் முளைத்த மாதிரி. எப்போது முட்டை போட்டாள், எப்போது பொரித்தாள், கூடவே இருக்கிற எனக்குத் தெரியவில்லை. அதற்குள் டீச்சரம்மா திரும்பி அந்தக் குஞ்சுகளை வாய் நிறைய அள்ளிவிட்டாள். அடிப்பாவி, பெத்த பிள்ளைங்களையே திங்கிறியே, நீயெல்லாம் ஒரு தாயா என்று தொட்டியைத் தட்டித் தட்டிக் கத்துகிறேன், கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா அக்கா, திங்கலக்கா, இடம் மாத்துது, சத்தம் போடாம பாருங்க என்றார். அவள் மெதுவாக ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் போனாள், அங்கே தோண்டி வைத்திருந்த குழியில் வாயிலிருந்த அத்தனையையும் பூப்போலத் துப்பினாள், திரும்பி மறுபடி அள்ள வந்தாள். அவ்வளவு பெரிய வாய், அத்தனை பல், ஒரு குஞ்சுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. நான் அப்படியே மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மீனிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, ஃப்ரீசரில் இருந்ததிலேயே பெரிய இறாலாக எடுத்துப் போட்டேன். இப்ப இதுங்களைப் பிடிச்சா குஞ்சு ஒண்ணுகூடத் தங்காது, என்ன செய்யட்டும் என்று கடைக்காரர் கேட்டார். வலையை எடுங்க என்றேன். குஞ்சுத் தீவனம் இரண்டு பாக்கெட் கொடுத்துவிட்டு, நானூறாவது இருக்கும் என்று சொல்லி, காலி டிரம்மைத் தூக்கிக்கொண்டு போனார். ஃபில்டர் குஞ்சுகளை இழுத்துவிடாமல் இருக்க, தைக்க வைத்திருந்த வலைத் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குழாய் வாயில் கட்டினேன்.

இரண்டு நாள் கழித்து உன் அப்பா வந்தார். முகமெல்லாம் தொங்கிப்போய், துக்க வீட்டுக்குள் நுழைகிற மாதிரி செருப்பைக் கழற்றினார். அத்தைக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தார், வாய் தவறி, போகலையா இன்னும் என்று கேட்டுவிட்டார். எது போகலையா என்றேன். விடாமல் கேட்டதில் எல்லாம் வெளியே வந்தது. கடைக்காரர் அன்றைக்கே இவருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கிறார், நான் சொன்னேன்னு சொல்லாதே, அவ சொன்னபடி எடுத்துட்டுப் போ என்று இவரே சொல்லியிருக்கிறார். விரல் கடிபட்ட நாளிலிருந்து இவருக்குத் தொட்டிக்குள் கைவிடவே பயமாம், கறி வாட்டுகிற இடுக்கியால் தீவனம் போட்டுவந்தது அதனால்தானாம், மகள் ஆசையாய் விட்டுப்போனதை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது என்று பேசாமல் இருந்தாராம். ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து வருத்தப்படலாம்னு பஸ்ஸிலேயே மூஞ்சியை ரெடி பண்ணிட்டு வந்தேன், நீ காரியத்தைக் கெடுத்துட்டியே என்கிறார். எனக்கு வந்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி நினைத்தது இதுதான் முதல் தடவை, அதையும் அந்த டீச்சரம்மா நடக்கவிடவில்லை.

குஞ்சுகளைப் பார்த்ததிலிருந்து உன் அப்பா அந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையால்தான் தீவனம் போடுகிறார். திரைத் துணியெல்லாம் உன் அறைக்குப் போய்விட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, சம்பளம் வருகிறதே என்று கண்டதையும் வாங்காதே, முக்கியமாக உயிருள்ளது எதையும் வாங்காதே. நீ எடுத்ததெல்லாம் நல்லபடியாக முடிய எங்கள் மனசு எப்போதும் உன் பக்கத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டு, தானே பாடுபட்டுக் குஞ்சு பொரிக்க வைத்ததாகச் சொல்வார். ஆச்சரியப்படு. நன்றாக, சத்தமாக ஆச்சரியப்படு.

இப்படிக்கு,
தொட்டியைப் பார்த்தபடி தைத்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா